கடலுக்குள் கொட்டிய குழாய்

எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கம். தெருக்குழாயில் நான்கு நாளைக்கொரு முறைதான் தண்ணீர் வரும். எங்காவது வீணாக ஓடினால், அந்த வழியாகப் போகிறவர் நின்று மூடிவிட்டுத்தான் போவார். மூடாமல் வந்தால், "கண்ணு என்ன அவிஞ்சா போச்சு ஒனக்கு?" என்று அம்மா வைவார்.

அந்தப் பழக்கத்தோடுதான் சரக்குக் கப்பலில் வேலைக்கு ஏறினேன். பத்து நாள்கூட ஆகவில்லை. குளிர் நாட்டுத் துறைமுகம் ஒன்றில் நின்றிருந்தோம். காலையில் முன்தளத்தைப் பெருக்கப் போனபோது, தீயணைப்புக் குழாயின் கடைசி வால்வு திறந்து கிடந்தது. தண்ணீர் அதுபாட்டுக்குக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. இறுக்கி மூடிவிட்டு, நல்ல காரியம் செய்த நினைப்போடு பெருக்கினேன்.

பத்து மணித் தேநீருக்குப் பிறகு போசன் கத்துவது கேட்டது. தளத்து வேலையாட்களுக்கெல்லாம் தலைவர் அவர், தூத்துக்குடிக்காரர்.

"ஏல, எவம்ல இந்த வால்வ மூடுனது? லைன் உறஞ்சிரக் கூடாதுன்னுதாம்ல தண்ணிய ஓட விட்டிருக்கோம்! குழா வெடிச்சா யாரு பதில் சொல்லுதது?"

உறைந்தால் நீர் விரிவடையும் என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். மூடும்போது அது நினைவுக்கே வரவில்லை. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். பத்தாம் நாளே பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டால் எந்த முகத்தோடு ஊரில் இறங்குவது? யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் போசன், காவலுக்கு நின்ற மாலுமியைத் திட்ட ஆரம்பித்திருந்தார். எனக்குக் கையுறை கொடுத்தவர் அந்த மாலுமிதான்.

"நாந்தானுங்க மூடுனேன்." குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"எதுக்குல?"

"தண்ணி வீணாப் போவுதுன்னு நெனச்சிட்டனுங்க."

போசன் கடலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கடல்லேந்து எடுத்துக் கடல்லயே விடுதோம்ல. வத்திருமாக்கும்?"

மாலுமி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வால்வைத் திறந்தும் ஒரு சொட்டு வரவில்லை; உள்ளே உறைந்துபோயிருந்தது. குழாயில் சாக்கைச் சுற்றி, சமையலறையிலிருந்து வெந்நீர் சுமந்துவந்து ஊற்றினேன். வழிந்த வெந்நீர் தளத்தில் பனிக்கட்டியாகி என்னை இரண்டு முறை வழுக்கிவிட்டது. வாளிக்கு வாளி, இரும்பு விரிசல் விடும் சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். மத்தியானம் வால்வு இருமியது. பனித்துண்டு ஒன்றைத் துப்பியது. அடுத்த நொடி தண்ணீர் பீய்ச்சி என் நெஞ்சில் அடித்தது.

குழாய் வெடிக்கவில்லை. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

"கேப்டன்கிட்ட சொல்லிருவீங்களாங்க?"

"குழா முழுசாத்தானல இருக்கு? போயி சட்டைய மாத்து, நீயும் உறஞ்சிராத."

சாயங்காலம் அந்த வால்வில் ஓர் அட்டை தொங்கியது. சிவப்புப் பெயிண்டில் போசனின் கையெழுத்து: 'தம்பி, மூடாதே.' பல நாட்டுக்காரர் வேலை செய்த அந்தக் கப்பலில் தமிழில் இருந்த ஒரே அறிவிப்பு அதுதான்.

மறுநாளும் அங்கே தண்ணீர் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு கைகளையும் கோட்டுப் பைகளுக்குள் திணித்துக்கொண்டு கடந்துபோனேன்.