மேற்குப் பார்த்த கால்ட்

ட்ரம்லாவில் ஒருவன் எப்படிப்பட்டவன் என்று யாரும் கேட்பதில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் கேட்பார்கள். யூவெல் கால்ட் பால் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஆன்ட்ரிம் சரிவில் பண்ணை பண்ணையாக நின்று கேன்களை ஏற்றுவான். ஒவ்வொரு அடுப்படியிலும் ஒரு கோப்பைத் தேநீரும், அந்த வீட்டு முன்னோர் பெருமையும் சேர்ந்தே கிடைக்கும். ஒரு வீட்டில் தாத்தாவின் தாத்தா போதகர். இன்னொரு வீட்டில், கப்பலேறிப் போய் அமெரிக்காவில் சபை நட்டவர். யூவெல் தேநீரைக் குடித்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்புவான். பதிலுக்குச் சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை. அப்பா பிறர் வயலில் வாய்க்கால் வெட்டினார். அதற்கு மேலே ஒரே இருட்டு.

அவனோடு பள்ளியில் படித்த ஆர்ச்சி எஸ்லர், சபையின் செயலர். நாலு தலைமுறையாக மூப்பர் குடும்பம். ஆர்ச்சி அதை அடக்கமாகத்தான் சொல்வான். ஆனால் அடிக்கடி சொல்வான்.

ஓய்வு பெற்ற வருஷம் யூவெல் கல்லறைத் தோட்டத்தில் வேர் தேட ஆரம்பித்தான். வேறு எங்கே தேடுவது? பழைய கோவிலின் கூரை எரிந்தபோது பதிவேடுகளும் எரிந்துவிட்டன. சபையின் முதல் போதகர் யார் என்பதே யாருக்கும் தெரியாது. இரண்டாமவரான டன்லப்பிலிருந்துதான் வரலாறு.

அந்தத் தோட்டத்தில் எல்லோரும் கிழக்குப் பார்த்துப் படுத்திருப்பார்கள். போதகர் மட்டும் கிழக்கோரத்தில், மேற்குப் பார்த்து. கடைசி எக்காளம் ஊதும்போது அவர் தன் மந்தையை நேருக்கு நேர் பார்த்தபடி எழ வேண்டும் என்பது ஏற்பாடு. டன்லப் அப்படித்தான் கிடக்கிறார். நடு வரிசையில், முள் புதருக்குள், பாதி புதைந்த ஒரு கல்லை யூவெல் கண்டான். ‘கால்ட்’ என்ற பெயர் மட்டும் தெரிந்தது. அதுவும் மேற்குப் பார்த்திருந்தது.

ஊரில் கால்ட் என்று இருந்தது ஒரே குடும்பம். ஆர்ச்சி வந்து பார்த்தான், சுற்றி நடந்தான், புகைக்குழாயைப் பற்றவைத்தான், அணையவிட்டான்.

“அந்த முதல் போதகர்தான்டா. வேற யாரு திரும்பிப் படுப்பா?” என்றான், பல் பிடுங்கப்பட்டவன் குரலில்.

மனிதன் ஆதாரத்தைத் தேடி முடிவுக்கு வருகிறான் என்பார்கள். பெரும்பாலும் முடிவு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறது. அது சாய்ந்துகொள்ள ஒரு கல் போதும்.

சபையின் ஆண்டு விழா நெருங்கியிருந்தது. முதல் போதகரின் வழித்தோன்றல், வேதப்புத்தகத்தை ஏந்தி, போதகருக்கு முன்னால் நடந்துபோய்ப் பிரசங்கபீடத்தில் வைக்க வேண்டும் என்று மூப்பர்கள் தீர்மானித்தார்கள். அன்றிலிருந்து யூவெல் வேறு ஆள். வீட்டுத் தோட்டத்துக்கு உரம் போடவும் கறுப்புக் கோட்டு. சாப்பாட்டு ஜெபம் நீண்டுகொண்டே போனது. இஸ்ரவேலரில் தொடங்கி, கடலில் இருப்பவர்களைத் தொட்டு, அவன் ஆமென் சொல்வதற்குள் சூப்பில் ஏடு படிந்திருக்கும்.

“கர்த்தருக்குச் சீக்கிரம் கேக்கும், யூவெல்,” என்பாள் மனைவி ஹெசி. “எனக்குத்தான் பசி தாங்கல.”

“இது ரத்தத்துல வர்றது, ஹெசி. அடக்க முடியல.”

“உங்க அப்பா ஜெபம் பண்ணி நான் பாத்ததில்லையே. இருமுவாரு, அவ்வளவுதான்.”

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, சாய்ந்திருந்த கல்லை நிமிர்த்தி வைக்கலாம் என்று இருவரும் மண்வெட்டியோடு போனார்கள். தோண்டத் தோண்ட எழுத்து வந்தது. ஹெசி ஈரத்துணியால் துடைத்தாள். யூவெல் மண்டியிட்டு வாசித்தான்.

‘ஜான் கால்ட், நெசவாளி. உயிர்த்தெழும் நாளிலும் போதகர் டன்லப்பின் முகத்தில் விழிக்க மனமில்லாமல், தன் விருப்பப்படி திருப்பி வைக்கப்பட்டான். சபை ஆட்சேபித்தது.’

ஹெசி சிரிப்பைத் தாங்க முடியாமல் பக்கத்துக் கல்லறைமேல் உட்கார்ந்துவிட்டாள். “அடப்பாவி மனுஷா! போதகரா? போதகருக்கு முதுகைக் காட்டிட்டுப் படுத்திருக்கான்!”

யூவெல் சிரிக்கவில்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மண்ணைத் தள்ளு. இத்தனை வருஷம் மூடியே கிடந்துச்சு. இன்னும் பத்து நாள் கெடந்தா குடியா முழுகிடும்? அந்தப் புத்தகத்த நீ தூக்கிட்டு நடக்கறத நான் பாக்கணும்.”

அவன் மண்ணைத் தள்ளி மிதித்தான். அன்று ராத்திரி ஜெபத்தில், “ஆண்டவரே, சூப்புக்கு நன்றி. ஆமென்” என்றான். ஹெசி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “சரி, போய்ச் சொல்லிட்டு வா,” என்றாள்.

ஆர்ச்சிக்கு முதலில் வந்தது ஆனந்தம். அதை மறைக்க இருமினான். பிறகு வந்தது கவலை. “அழைப்பிதழ் அச்சாகிடுச்சேடா! சபையைக் கூட்டித்தான் ஆகணும்.” ஒரு ஆணி அடிக்கவும் கூட்டம் போடுகிற சபை அது, இதற்குப் போடாமல் இருக்குமா?

கூட்டத்தில் யூவெலைப் பற்றிப் பேச்சு முடிந்தது சீக்கிரம். டன்லப்பைப் பற்றித்தான் முடியவில்லை.

“சபைக்கு முதுகு காட்டினவன் வம்சம் வேதப்புத்தகத்தத் தொடறதா?” என்றது ஒரு பக்கம்.

“சபைக்கில்ல, டன்லப்புக்கு! அந்த மனுஷன் பிரசங்கம் மத்தியானத்தத் தாண்டுமாம். எங்க வீட்ல இன்னும் சொல்வாங்க. ஜான் கால்ட் செஞ்சதுதான் நியாயம்!” என்றது மறுபக்கம்.

செத்து இருநூறு வருஷம் ஆன போதகருக்காக, கணவன் மனைவிகள் வேறு வேறு பக்கம் போனார்கள். கடைசியில் எழுந்து நின்று வாக்களிக்கச் சொன்னார்கள். யூவெலுக்கு ஆதரவாக நின்றவர்களில் ஆர்ச்சியும் ஒருவன், காதுவரை சிவந்திருந்தான். அடுத்து எதிர்த்தவர்கள் எழுந்தார்கள். எண்ணிப் பார்த்தால் ஒரே ஒரு வாக்கில் யூவெல் தோற்றிருந்தான்.

வெளியே வந்ததும் ஆர்ச்சி அவன் சட்டையைப் பிடித்தான். “எந்திரிச்சு நின்னியேடா! எதிர்ப்பக்கம்! உனக்காக நான் என் மாமனாரோட சண்டை போட்டிருக்கேன்!”

“நான் அந்தப் புத்தகத்தத் தூக்கறது சரியில்லன்னுதான் என் மனசுல பட்டுச்சு. மனசுல பட்டத விட்டுட்டு வேற பக்கம் எப்படி நிக்கறது?”

“சும்மா உக்காந்திருக்கலாமே!”

“அது பொய்யில்லையா?”

ஆர்ச்சி ஹெசியைப் பார்த்தான். ஹெசி வானத்தைப் பார்த்தாள்.

விழா அன்று வேதப்புத்தகத்தை ஆர்ச்சிதான் ஏந்தி வந்தான். அவன் யூவெலின் வரிசையைக் கடக்கும்போது, பக்கத்து ஊர்க் கிழவர் ஒருவர் குனிந்து, “போதகருக்குத் திரும்பிப் படுத்தானே, அவன் உங்க ஆளா?” என்று கேட்டார்.

“எங்க ஆளுதான்,” என்றான் யூவெல், கொஞ்சம் சத்தமாகவே. ஹெசி முழங்கையால் இடித்தாள். அவன் மேலும் சொல்ல வாயெடுத்தபோது சங்கீதம் தொடங்கிவிட்டது.