திட்டின் கம்பத்தில் சிவப்புச் சேலை

விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த செராமிக் கம்பெனியில் மே மாதம் சூளையை அணைத்துவிட்டு உள்ளே கல் மாற்றுவார்கள். அது முடியும்வரை வேலை கிடையாது, கூலி கிடையாது. என் வீட்டுக்காரரும் அங்கேதான் மண் அரைத்தார். செல்போன் எல்லாரிடமும் வந்துகொண்டிருந்த, எங்களிடம் மட்டும் வராத அந்த வருடங்களில் இரண்டு கோடைக்கு நாங்கள் ஓர் ஏரிக்கு வேலைக்குப் போனோம். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். ஏரியின் பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஏரிக்கு நடுவே ஒரு மண்திட்டு. ஊர்க்காரர்கள் திட்டு என்றுதான் சொல்வார்கள். குத்தகை எடுத்தவர் அதில் நாலு கீற்றுக் கொட்டகை போட்டு, ஊஞ்சல் கட்டி, ‘இன்பத் தீவு’ என்று போர்டு வைத்தார். லீவு விட்டதும் வேனில் வந்து இறங்குவார்கள். மோட்டார் படகு அவர்களைத் திட்டில் விடும். நான் அங்கே பஜ்ஜி போடுவேன். வீட்டுக்காரருக்குக் கரையில் துடுப்புப் படகு ஓட்டும் வேலை. வெள்ளாற்றங்கரையில் பிறந்தவர், தண்ணீர் அவருக்குப் பழக்கம்.

திட்டில் போன் இல்லை. ஒரு மூங்கில் கம்பம் நட்டு, கயிறு கோத்திருந்தார்கள். யாராவது தண்ணீரில் விழுந்தால் அதில் சிவப்புத் துணி ஏற்றவேண்டும். கரையில் இருப்பவன் எதுவும் யோசிக்காமல் கிளம்பி வரவேண்டும். ‘வா’ என்று சொல்ல ஒரு துணி இருந்தது. ‘வராதே’ என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஏன் என்று கேட்டேன். “ஒண்ணு போதும்மா, ரெண்டு இருந்தா ஒனக்கே கொழப்பம்” என்றார் குத்தகைக்காரர்.

இரண்டாவது கோடையில் ஒருநாள், அம்மன் கோயிலுக்கு மாலை போட்டுப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். எல்லாரும் சிவப்புச் சேலை. சிரிப்பும் பாட்டுமாக இறங்கினார்கள். அக்கினி வெயில். அவர்களை இறக்கிவிட்ட மோட்டார் படகைக் குத்தகைக்காரர் தன் சம்பந்தி வீட்டாருக்கு மதகைக் காட்ட எடுத்துக்கொண்டு போய்விட்டார். லைஃப் ஜாக்கெட் எல்லாம் அழுக்காகிவிடும் என்று கரையில் பூட்டி வைத்திருந்தார். கரையில் மிச்சம் இருந்தது அடியில் விரிசலுக்குத் தார் அடைத்த அந்தத் துடுப்புப் படகுதான்.

பெண்கள் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து குளித்தார்கள். பிறகு மாற்றுச் சேலை கட்டிக்கொண்டு பஜ்ஜிக்கு வந்து நின்றார்கள்.

“யக்கா, மொளகாயில காரம் இருக்குதா, இல்ல சும்மா பேருக்கா?”

“தின்னுட்டு அழுவு, அப்பத் தெரியும்” என்றேன்.

அடுப்புப் புகையில் நான் நிமிரவே இல்லை. மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. முதல் காற்றில் கீற்று தூக்கியபோதுதான் தண்ணீரைப் பார்த்தேன். கரையிலிருந்து துடுப்புப் படகு வந்துகொண்டிருந்தது. இந்தக் காற்றில் இந்த மனுஷன் எதற்கு வருகிறார்? திரும்பிக் கம்பத்தைப் பார்த்தேன். கயிற்றில் மூன்று சிவப்புச் சேலைகள் உச்சிவரை ஏறிப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன.

“யாரு கட்டுனது?”

வயதில் மூத்த ஓர் அம்மாள் சொன்னார். “நாந்தாம்மா. அம்மா சேலைய மண்ணுல போடக்கூடாதுன்னு ஒசரத்துல காயப் போட்டேன். ஏன், சாமி கம்பமா அது?”

அவர்களிடம் என்ன சொல்வது? யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஒரு போர்டு எழுதிவைக்க அந்த ஆளுக்கு மனம் வரவில்லை. ‘இன்பத் தீவு’ என்று எழுத மட்டும் பெயின்ட் இருந்தது.

சேலைகளை இழுத்து இறக்கினேன். ஒரு பயனும் இல்லை. துடுப்புப் போடுகிறவனுக்குப் போகிற பக்கம் முதுகுதான். அவர் கரையைப் பார்த்துக்கொண்டே எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். கத்தினேன். பெண்கள் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். காற்று அவரிடமிருந்து எங்கள் பக்கம் அடித்தது, எங்கள் குரல் எங்கள் முதுகுக்குப் பின்னால்தான் போனது. நடுவில் ஒருமுறை தலையைத் திருப்பினார். கையைக் குறுக்கே ஆட்டினேன், போ, போ என்று. திட்டில் இருபது பெண்கள் கத்திக் கையாட்டினால் பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? இன்னும் வேகமாகத் துடுப்புப் போட்டார்.

அப்போது மழை இறங்கியது. படகு தெரிந்தது, பிறகு தெரியவில்லை. மறுபடி தெரிந்தபோது பக்கவாட்டில் சாய்ந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தது. அவர் துடுப்பை விட்டுவிட்டுக் கையால் தண்ணீரை வாரி இறைத்தார். அடுத்த அலையில் படகு இல்லை.

நான் தண்ணீரில் இறங்கினேன். அந்த மூத்த அம்மாள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவில்லை. “நீயும் போவாத தாயி. தல தெரியுது பாரு, காத்து இங்கதான் தள்ளுது” என்றார். தலை தெரிந்தது. காற்று அவரைத் திட்டின் ஓரத்தில் தண்ணீருக்குள் நிற்கும் வேலிக்காத்தான் புதரில் கொண்டுபோய்ச் சொருகியது. ஓடினோம். முள்ளோடு பிடித்து இழுத்தோம்.

தண்ணீரைக் கக்கிவிட்டு அவர் கேட்ட முதல் வார்த்தை, “யாரு உழுந்தது? சின்னப் புள்ளையா?”

“யாரும் உழல.”

“செவப்பு ஏத்தினியே?”

“சேல காயப் போட்டாங்க.”

மழையில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மழை விட்டதும் மோட்டார் படகு வந்தது. குத்தகைக்காரர் குதித்து இறங்கிக் கேட்டார். “படவு எங்கய்யா?”

“போயிடுச்சு மொதலாளி.”

“போயிடுச்சா? ஒங்கப்பன் வூட்டு படவா அது? ஏந்திரு. இவங்கள மொதல்ல ஏத்து.”

வீட்டுக்காரர் கையை ஊன்றினார். வாழ்நாள் முழுக்க எவன் ‘ஏந்திரு’ என்றாலும் எழுந்த மனுஷன்.

“ஏந்திரிக்காதீங்க” என்றேன். “யோவ், ஆளு பொழச்சானான்னு கேக்க ஒனக்கு வாய் இல்லியா? கம்பத்துக்கு ஒரு போர்டு வெக்க வக்கில்ல, தீவு வெச்சிருக்கியா தீவு.”

“யார்ரா இவ, வாய மூடச் சொல்லு. ரெண்டு பேரும் இங்கியே கெடங்க, நாளைக்குப் பாத்துக்கலாம். நீங்க ஏறுங்கம்மா.”

யாரும் ஏறவில்லை. பஜ்ஜிக் காரத்தைக் கேலி செய்த பெண் சொன்னாள், “எங்களக் காப்பாத்த வந்தவர உட்டுட்டு நாங்க ஏறுவமா? அவர மொதல்ல ஏத்துங்க.” மூத்த அம்மாள் ஈரச் சேலையோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் உட்கார்ந்தார்கள். வேறு வழியில்லாமல் அந்த ஆளே எங்களை முதல் நடையில் ஏற்றிக்கொண்டு போனார். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார். நானும் விடவில்லை.

நாங்கள் திரும்ப அங்கே போகவில்லை.

பஸ்ஸில் வீட்டுக்காரர் கையில் ஏறிய முட்களை ஊக்கால் எடுத்துக்கொண்டே வந்தேன். விருத்தாசலம் வரும் நேரத்தில் மெதுவாகக் கேட்டார். “படவு முழுவறப்ப ஒரு சின்னக் கை தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. நெசமா யாரும் உழலியே?”

“இல்லங்க.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன். எல்லாரும் கரைக்கு வந்துட்டாங்க.”

அதற்குப் பிறகும் பல வருடம், சோறு தின்னும்போது திடீரென்று அதையே கேட்பார். நானும் அதையே சொல்வேன். அந்தக் குத்தகைக்காரரை மன்னித்துவிடு என்று யாராவது என்னிடம் சொன்னால், ஒருநாள் எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன்.