அளவுக்கரண்டி

கிறிஸ்துமஸுக்கு ஜாம் பிஸ்கட் சுடும்போது, ஜாம் வைப்பதற்காக ஒவ்வொரு மாவுருண்டையிலும் என் மனைவி பெருவிரலால் குழி அமுக்குவாள். குழிகள் ஒரே அளவில் இல்லை என்று குறைகூறி, அளவுக்கரண்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். மறுத்துப் பேசாமல் அதையே பயன்படுத்தினாள்.

அவள் இறந்த பின் வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு, அதே கரண்டியால் குழியிட்டு நானே சுட்டேன். என் மனைவி ஆண்டுதோறும் கொடுப்பதுபோல், பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவிடம் ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இதென்ன சாரே, அச்சுல வார்த்தது மாதிரி? அக்கா எங்களுக்குப் பெருவெரலாலல்லா அமுக்கித் தருவாவ. 'கரண்டி அவருக்கு மட்டுந்தான்'னு சொல்லிச் சிரிப்பாவ."

அந்தச் சிரிப்பை நான் கேட்டதேயில்லை.

வீடு திரும்பி, மீந்திருந்த மாவில் என் பெருவிரலை அமுக்கினேன். குழி மிகப் பெரிதாக விழுந்தது. அளவில் குறை கண்ட எனக்கு, அவள் விரலின் அளவு நினைவுக்கு வரவில்லை.