அன்புராஜா அண்ணை எழுதிக் கொடுத்த பெயர்

அன்புராஜா அண்ணை தன் ஆயுளில் ஒரு கொல்ஃப் தடியைக் கையால் தொட்டதில்லை. நாங்கள் இருக்கிற டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊருக்கு வெளியே ஒரு கொல்ஃப் திடல் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேலாக அதைத் தாண்டித்தான் சைக்கிளில் வேலைக்குப் போகிறார். ஒரு நாளாவது உள்ளே எட்டிப் பார்த்திருப்பாரா? இல்லை. ஆனால் உலகத்தில் எந்தக் கொல்ஃப்காரன் காற்றில் நன்றாக அடிப்பான், எவனுக்கு மழை ஒத்துவராது, எவனுக்குப் போன கிழமை பிள்ளை பிறந்தது, எல்லாம் அவருக்குத் தெரியும். கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

நான் பேதுரு. கதவு, யன்னல் செய்கிற தொழிற்சாலையில் அவருக்குப் பக்கத்து மெஷினில் பதினொரு வருடமாக நிற்கிறேன். அவரைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் யாருக்குத் தகுதி இருக்கிறது? என்னைப் போலத் தகுதி கெட்டவனும் இந்த ஊரில் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், பொறுங்கள்.

அண்ணை எண்பத்தெட்டில் அகதியாக வந்தவர். முதலில் தையல் ஆலையில் வேலை. ஆலையைப் போலந்துக்குக் கொண்டுபோன பிறகு கதவுக்கு வந்தார். நல்ல மனிதர். யாராவது வீடு மாறினால் முதல் ஆளாகச் சோபாவின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இப்படிப்பட்ட மனிதருக்கு வந்த வருத்தம் பந்தயம். முதலில் காற்பந்துக்குத்தான் காசு கட்டினார். பிறகு கொல்ஃப்பைக் கண்டார், காற்பந்தை மறந்தே போனார்.

"காற்பந்தில ரெண்டு பக்கம்தான் பேதுரு. கொல்ஃப்பில நூற்றைம்பது பேர் நிக்கினம். முதல் இருபது பேரை உலகமே பாக்குது. மிச்ச ஆக்களை ஆர் பாக்கினம்? நான் பாப்பன்" என்பார்.

பட்டியலின் அடியில் கிடக்கிற, ஒருவரும் கணக்கில் எடுக்காத அவுட்சைடர்தான் அவருடைய ஆள். ஒருவனுக்கு நூற்றைம்பது மடங்கு தருகிறோம் என்று பந்தயக் கம்பனி சொன்னால், அவன் வெல்லவே மாட்டான் என்று கம்பனி சத்தியம் பண்ணுகிறது என்று அர்த்தம். அண்ணை அந்தச் சத்தியத்தில் ஓட்டை தேடுவார். எல்லாரும் குழிக்குப் பக்கத்தில் விடுகிற சின்ன அடியைப் பார்ப்பார்கள். அவர் தூர அடியைப் பார்ப்பார். அது நேராகப் போகிறவனுக்குச் சின்ன அடி என்றைக்கோ ஒரு நாள் சரிவரும், அந்த நாளைப் பிடித்தால் போதும் என்பது அவருடைய கணக்கு. அந்த நாள் வருடத்தில் ஒரு தரம் வந்தால் பெரிய காரியம். மிச்ச நாளெல்லாம் தண்டம்.

அந்தத் தண்டத்தில் முதல் தரம் கார் போனது. இரண்டாம் தரம் மகள் ஷாரனின் படிப்புக்கு வைத்திருந்த காசு போனது. மனைவி கிருபாஷினி அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவ. இரண்டு தரமும் சண்டை பிடித்தா, அழுதா, சட்டி பானை பறந்ததாகவும் கேள்வி. பிறகு ஒரு நாள் மிக அமைதியாகச் சொன்னாவாம்: "மூண்டாம் தரம் நான் சண்டை பிடிக்க மாட்டன். ரெயில் ஏறிப் புரொண்பிக்கு என்ர அக்காவிட்டப் போயிடுவன்." அந்த அமைதிதான் அண்ணையை உலுப்பியது. பந்தயத்திலிருந்து தன்னைத் தானே விலக்கிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இந்த நாட்டில் அரசாங்கப் பதிவொன்று இருக்கிறது. அதில் வாழ்நாள் முழுவதற்குமாகத் தன் பெயரைப் போட்டார். அதற்குப் பிறகு எந்தக் கம்பனியும் அவரிடம் ஒரு குறோன் வாங்க முடியாது. எங்கள் தேவசபையில் எழும்பி நின்று அழுதழுது சாட்சி சொன்னார். சனி, ஞாயிறுதான் கொல்ஃப் முடிகிற நாட்கள் என்பதால், அந்த இரண்டு நாளும் அவருடைய போன் அக்காவின் கைப்பையில் இருக்கும். அந்த ஏற்பாட்டையும் அவரேதான் கேட்டுக்கொண்டார்.

இரண்டு வருடம் நான்கு மாதம். ஒரு குறோன் வைக்கவில்லை. அதற்கு நான் பொறுப்பு.

ஆனால் வாசிப்பதை நிறுத்தினாரா? அதுதான் இல்லை! ஒவ்வொரு செவ்வாயும் ஒன்பது மணி இடைவேளையில், கோப்பிக் கோப்பைக்கு அடியில் ஒரு சின்னத் துண்டுக் கடதாசியை என் பக்கம் தள்ளுவார். அதில் ஒரு பெயர் இருக்கும்.

"காசு வைக்கிறதுதான் பிழை. பேர் எழுதுறது பிழையே?" என்று கேட்டார் முதல் நாள்.

எனக்கு என்ன புத்தி இருந்தது? "அதிலை என்ன அண்ணை பிழை?" என்றேன். நூறு குறோன் வைத்தேன், தோற்றேன். அடுத்த கிழமையும் வைத்தேன், அதுவும் போச்சு. இடையில் இரண்டொரு தரம் கொஞ்சம் வந்தது. காசுக்காக வைத்தேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் கடதாசியைத் தள்ளும்போது மனிதருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அதைப் பார்க்கவே வைத்தேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்த மடையன் நான்.

போன செப்டம்பரில் ஒரு செவ்வாய். கடதாசியில் ஒரு பின்லாந்துக்காரனின் பெயர். வென்றால் நூற்றெழுபத்தாறு மடங்கு. பார்த்தவுடன் சிரித்துவிட்டேன். அவன் கடைசியாக ஆடிய ஆறு போட்டியில் ஐந்தில், இரண்டாம் நாளே வெட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"சிரியாதை. இந்த முறை ஸ்கொட்லாந்துக் கடற்கரை. ஞாயிறு புயல் மாதிரிக் காத்து வரப்போகுது. பெரிய ஆக்கள் எல்லாம் உயர அடிச்சுக் காத்துக்குக் குடுப்பினம். இவன் பதிச்சு அடிக்கிறவன். இந்த மூண்டு கிழமைக்குள்ள ஏதும் செய்யேல்லையெண்டா வாற வருசம் இவனுக்கு ஆடுற உரிமையும் இல்லை. விளங்குதே?"

"அப்ப எவ்வளவு வைக்கட்டும் அண்ணை?"

அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்தினார். "அதை மட்டும் என்னட்டக் கேக்காதை" என்றார். விளையாட்டுக்குப் பொத்தவில்லை. அது எனக்கு அப்போதே விளங்கியது. இருந்தும் நானூறு வைத்தேன்.

வெள்ளி வெட்டில் பின்லாந்துக்காரன் தப்பினான். சனி முடிய, முன்னுக்கு நின்றவனை விட மூன்று அடி மட்டும் கூட அடித்து, அவனுக்குப் பின்னால் நின்றான். நான் அன்றிரவு சாப்பிடவில்லை.

எங்கள் தமிழ் ஆராதனை டெனிஷ்காரரின் சபை மண்டபத்தில் ஞாயிறு இரண்டு மணிக்கு. காலையில் அவர்கள் முடித்துவிட்டுத் திறப்பைத் தருவார்கள். அண்ணைக்கு அங்கே ஒரு பொறுப்பு இருந்தது: பாட்டு வரிகளைக் கணினியிலிருந்து திரைக்கு விடுவது. அக்கா முன்னுக்கு நின்று பாட்டை எடுத்துக் கொடுப்பா. நான் அண்ணைக்கு நேர் முன் வரிசையில் இருந்தேன். காற்று வரப்போகிறதென்று ஸ்கொட்லாந்தில் அன்று காலையிலேயே ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். பாட்டு நேரத்திலேயே கடைசிக் குழிகள் நடந்துகொண்டிருந்தன. போனை வேதப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். கர்த்தர் மன்னிக்க வேண்டும்.

அண்ணை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவருடைய மூச்சு என் பிடரியில் பட்டது. நான் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கதிரையின் முதுகில் வைத்து ஒரு விரலைக் காட்டினேன். ஒரு அடிதான் பின்னுக்கு. அடுத்த பாட்டில் கைவிரலை மடக்கினேன். சமன்! பெரிய ஆட்களை எல்லாம் காற்று அள்ளிக்கொண்டு போய்ப் புதருக்குள் போட்டிருந்தது. அவர் சொன்னபடியே, அச்சொட்டாக.

அப்போதுதான் திரையில் இரண்டாம் சரணத்துக்குப் பதிலாக நான்காம் சரணம் வந்தது. அரைச் சனம் ஒன்றைப் பாட, அரைச் சனம் மற்றதைப் பாட, மண்டபம் சந்தையாகிவிட்டது. அக்கா பாடிக்கொண்டே திரும்பிக் கணினிப் பக்கம் பார்த்தா. அண்ணையின் முழங்கால் மேசைக்குக் கீழே படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பந்தயம் வைத்த காலத்திலேயே அந்த முழங்காலை அவவுக்குத் தெரியும். பாட்டை நிறுத்தவில்லை. முகம் மட்டும் வெளிறிப் போனது.

பாஸ்டர் எல்லாரையும் ஜெபிக்கச் சொன்னார். பின்லாந்துக்காரன் ஆட்டத்தை முடித்து ஒரு அடி முன்னுக்கு இருந்தான். ஒரேயொரு அமெரிக்கன் கடைசிக் குழியில் நின்றான். பந்தைப் போட்டால் சமன், விட்டால் எங்களுக்கு. ஐம்பது வயது மனிதன் நான், முழங்காலில் நின்று, அந்த அமெரிக்கன்ர பந்து உள்ளுக்குப் போகக் கூடாது ஆண்டவரே என்று கெஞ்சினேன். கேட்டுக்கொண்டிருந்தவர் என்ன நினைத்தாரோ தெரியாது. பந்து போகவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அண்ணைக்குச் சொல்லத் தேவையே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கணினிமேல் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். பக்கத்தில் இருந்தவர்கள் ஆவியானவர் தொட்டுவிட்டார் என்று "அல்லேலூயா" சொன்னார்கள்.

இப்போது என் தகுதிகேட்டுக்கு வருகிறேன். ஆராதனை முடிந்து எல்லாரும் சமையலறைப் பக்கம் தேத்தண்ணிக்கும் ரோல்ஸுக்கும் நின்றார்கள். எனக்கோ கால் நிலத்தில் இல்லை. எழுபதாயிரத்துச் சொச்சம்! கம்பனி காசு தருமட்டும் பொறுக்க முடியவில்லை. மண்டப வாசலில் நின்று, என் சம்பளக் காசிலிருந்து பத்தாயிரத்தை மொபைல்பேயில் அண்ணைக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரியும் எழுதினேன்: "அண்ணை, உங்கட பின்லாந்துக்காரன் தந்தது." அனுப்பி அரை நிமிடம் கழித்துத்தான் அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது மண்டையில் உறைத்தது. அவருடைய போன் யாரிடம் இருக்கிறது என்பதும் உறைத்தது.

ஓடினேன். அக்கா சிங்கிற்குப் பக்கத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றா. ஷாரன் அதை எட்டிப் பார்த்து, டெனிஷில் "அப்பா, இது என்ன?" என்று கேட்டாள். அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றார்.

"எவ்வளவு வைச்சனீங்கள்?" என்றா அக்கா.

"ஒரு சதமும் வைக்கேல்லை கிருபா. சத்தியமா."

"வைக்காமக் காசு வருமே?"

நான் இடையில் விழுந்தேன். "அக்கா, வைச்சது நான். அண்ணை பேர் மட்டும்தான் தந்தவர். என்ர பிள்ளையளாணை அக்கா, அவர் ஒண்டும் வைக்கேல்லை."

"பேர்?" அக்கா என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்தா. "எத்தினை பேர் குடுத்தனீங்கள்?"

அண்ணை பொய் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். "ஒவ்வொரு கிழமையும்" என்றார்.

அக்கா போனைச் சிங்கின் ஓரத்தில் வைத்தா. கத்துவா என்று நினைத்தேன், கத்தினால் நல்லது என்றும் நினைத்தேன். பிறகு சந்தையில் மீன் விலை கேட்பதுபோல மிகச் சாதாரணமாகக் கேட்டா: "சரி. நீங்கள் ஒரு ஐந்நூறு வைச்சிருந்தா எவ்வளவு—"

"எண்பத்தெட்டாயிரம்" என்றார் அண்ணை.

கேள்வி முடியவில்லை. அதற்குள் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் தான் சொன்னதே அவருக்குத் தெரிந்தது. வாயைப் பொத்தினார். ஷாரன் தகப்பனைப் பார்த்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"வீட்டிலை எனக்குப் பக்கத்திலை இருந்து சாப்பிட்டனீங்கள்" என்றா அக்கா. "ரெண்டு வருசம். மனுசன் திருந்தி வந்திட்டுது எண்டு நினைச்சன்." அவ்வளவுதான். கையைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினா. "தம்பி, என்னை ஸ்டேஷனிலை விடுறீரே?"

"உடுப்பு ஒண்டும் எடுக்கேல்லையே அக்கா?"

"புரொண்பி அக்காவின்ர உடுப்பு எனக்கு அளவு."

விட மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். காலில் விழுந்திருக்க வேண்டும். ஒன்றும் செய்யவில்லை; கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். ஸ்டேஷன் வரை ஐந்து நிமிடம்தான். அவ யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தா. இறங்கும்போது, "மெத்தப் பெரிய உபகாரம்" என்றா. குத்தலாகச் சொன்னாவா, காரில் விட்டதற்குச் சொன்னாவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்கவும் பயம்.

மண்டபத்துக்குத் திரும்பி வந்தேன். சனம் போய்விட்டது. ஷாரன் வெளியே படியில் இருந்து தாய்க்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தாள், மறுபக்கத்தில் எடுக்கவில்லை. அண்ணை உள்ளே தனியாகத் திரை வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றினதையே அவிழ்த்துத் திரும்பவும் சுற்றினார்.

"ஏறிட்டாவே?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை."

"நான் காசு வைக்கேல்லைத்தானே, பேதுரு?"

"வைக்கேல்லை அண்ணை."

"நீ கண்டனீதானே?"

"கண்டனான் அண்ணை. ஒரு சதமும் வைக்கேல்லை."

தலையை ஆட்டினார். வயரை மேசையில் வைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்லவே இல்லை என்பதுபோல, முதலிலிருந்து கேட்டார்: "நான் காசு வைக்கேல்லைத்தானே?"