ஆல்பி யாருடைய பிள்ளை

நன்றி கெட்டவன் என்கிறார்கள் ஆல்பியை. இல்லை என்கிறேன் நான். கடை வாசலில் நின்று கிர்ஸ்டி என் காதுபடவே சொன்னாள்: "எழுபது வருஷம் அந்த வீட்டுல தின்னான். சொந்த ரத்தம் கண்ணுல பட்டதும் மோராக் கிழவியை விட்டுட்டுக் கிளம்பிட்டான் பாரு."

"கிழங்கு நட்டுட்டுத்தான் போயிருக்கான் கிர்ஸ்டி," என்றேன். "ஓடிப்போறவன் கிழங்கு நடுவானா? உன் புருஷன் இன்னும் மண்ணையே கிளறல."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் போய்விட்டாள். ஆனாலும் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருப்பாள். அதனால் நானும் சொல்கிறேன், முதலிலிருந்தே.

ஆல்பி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு நாலு வயது, எனக்கு ஏழு. கிளாஸ்கோ நகரத்தில் கேட்பாரற்ற பிள்ளைகளை அரசாங்கம் எங்கள் தீவுகளுக்கு அனுப்பி வளர்க்கச் சொன்ன காலம் அது. நீராவிக் கப்பலிலிருந்து அம்மா அவனைக் கையைப் பிடித்து இறக்கினாள். அந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆணி அடித்த கறுப்பு பூட்ஸ். அந்தச் சத்தம் கேட்டாலே தெருவில் யார் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். எங்கள் கேலிக் மொழியில் அவனுக்கு ஒரு சொல்லும் தெரியாது. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. அம்மா கவலையே படவில்லை. "மாட்டுக்கே நான் பேசறது புரியுது. இவனுக்குப் புரியாதா?" என்றாள். கோடை முடிவதற்குள் அவன் கேலிக்கில் கோழிகளைத் திட்டிக்கொண்டிருந்தான்.

இங்கே யாரும் யாரையும் பெயரை மட்டும் கேட்டு விடுவதில்லை. யாருடைய பிள்ளை என்பதுதான் முதல் கேள்வி. ஊரில் பாதிப் பேர் டொனால்ட், மீதிப் பேர் ஜான். பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்பாவோ அம்மாவோ, தாத்தா, பூட்டன் என்று வரிசையாகச் சொன்னால்தான் ஆள் யாரென்று விளங்கும். என் அம்மா பெக்கி, நான் பெக்கியின் மகள் மோராக். அதற்குமேல் ஆறு தலைமுறை மூச்சு விடாமல் சொல்வேன். ஆல்பியிடம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு பெரியவர், "நீ யாரு புள்ளடா?" என்று கேட்டார். பையன் நிமிர்ந்து நின்று, "அரசாங்கத்தோட புள்ள," என்றான். கூடம் முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான். அன்றைக்குக் கேக் வேண்டாம் என்றுவிட்டான்.

அதற்கப்புறம்தான் அவனுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. தனக்கு வரிசை இல்லாதவன் ஊரில் உள்ள எல்லாருடைய வரிசையையும் கற்றுக்கொண்டான். ஆடு மயிர் கத்தரிக்கும் இடத்தில், படகை இழுக்கும் இடத்தில், கல்லறை தோண்டும் இடத்தில் கேட்டுக் கேட்டுச் சேர்த்தான். இருபது வயதில் மாதா கோவில் சாமியாரே அவனிடம் ஆள் அனுப்பிக் கேட்பார்: இந்தப் பையனும் இந்தப் பெண்ணும் எத்தனையாவது தலைமுறைச் சொந்தம், கல்யாணம் செய்து வைக்கலாமா? ஆல்பி கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான்.

அவனுக்கும் ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா கெட்டவர் இல்லை. "உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்ல ஆல்பி," என்றாராம். "ஆனா நீ யாரு புள்ளன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இவளுக்கு நீ என்ன முறை வேணும்னு யார் சொல்லுவா?" எல்லாருக்கும் முறை சொல்லிக் கல்யாணம் முடித்து வைத்தவனிடம் இந்தப் பேச்சு. அவன் வீட்டுக்கு வந்து மாட்டுக் கொட்டகைக் கூரையைப் பிரித்துப் புதிதாக வேய ஆரம்பித்தான்.  அந்தப் பெண் ஆஸ்திரேலியா போனாள்.

நான் கல்யாணமாகிப் போய், புருஷனை இழந்து திரும்பி வந்தேன். அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் அவளைத் தூக்கி உட்காரவைத்து, தலை சீவி, கஞ்சி ஊட்டியவன் அவன். வயிற்றில் பிறந்த நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். ஆனால் அம்மா அவன் கையால்தான் சாப்பிடுவாள். எனக்கு அதில் வருத்தமில்லை. இப்படி ஒருவனைக் கப்பலேற்றி அனுப்பிய கிளாஸ்கோவுக்கு நான் நன்றிதான் சொல்லுவேன்.

இனி அந்தத் துப்பல் கதை. கோடையில் கனடாவிலிருந்து முன்னோரைத் தேடி ஆட்கள் வருவார்கள். ஆல்பிதான் அவர்களைக் கல்லறைக்குக் கூட்டிப்போய், இன்னார் இங்கே கிடக்கிறார் என்று காட்டுவான். அழுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், விஸ்கி கொடுப்பார்கள். அப்படி வந்த ஒருவர் எச்சிலைத் துப்பி அனுப்பினால் சொந்தக்காரர் யாரென்று டி.என்.ஏ. பார்த்துச் சொல்கிற குழாய் ஒன்றை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

"இந்த வயசுல துப்பி யாரைக் கண்டுபிடிக்கப் போற?" என்றேன்.

"இந்தத் தீவுல எனக்கு வரிசை தெரியாத ஒரே ஆளை," என்றான்.

துப்பினான். அனுப்பினான். பதில் வந்ததும், பழைய பள்ளிக்கூடத்தில் ஊர்ச் சரித்திரம் சேர்த்து வைக்கிற ஜெசி டீச்சர் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னாள். பக்கத்து நிலத்து யூவென் இருக்கிறானே, அவனும் மகள் சொல்லித் துப்பியிருந்தான். ஆல்பியும் யூவெனும் நெருங்கிய சொந்தம், அண்ணன் தம்பி பிள்ளைகள் மாதிரி என்று அது காட்டியது. ஆக, அவன் வெளியூர்க்காரனே இல்லை, தீவு ரத்தம்! எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆனால் ஊருக்கு வேறு கணக்கு. யூவெனுக்கு ஒரே ஒரு சித்தப்பா. ஹெக்டர், கப்பல்காரர், கிளாஸ்கோவில் வந்து போனவர், கல்யாணம் ஆகாதவர், கடலில் மூழ்கிச் செத்தவர். கோவில் சுவரில் அவர் பெயர் வெட்டியிருக்கிறது. "ஹெக்டர் கிளாஸ்கோவுல கயிறு மட்டுமா கட்டினாரு?" என்று கிர்ஸ்டி கேட்டாள். ஆல்பி ஹெக்டரின் பிள்ளைதான் என்று அந்தக் குளிர்காலம் முழுக்க ஊர் அதையே மென்றது.

யூவெனுக்கு அந்தச் சித்தப்பா என்றால் உயிர். அவர் பெயர் கெட்டுவிட்டதே என்று அவன் ஆல்பியோடு பேச்சை நிறுத்தினான். ஒன்றாக ஆடு மேய்த்தவர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவன், நடுவில் நாய்கள் மட்டும் போய் வந்தன. ஆல்பிக்கு அதுதான் தாங்கவில்லை. "அப்பா கிடைச்சாருன்னு சந்தோஷப்படவா, சிநேகிதன் போனான்னு அழவா?" என்றான்.

புது வருஷம் பிறந்தபின் பாரா தீவிலிருந்து ஒருத்தி சோதனை செய்திருக்கிறாள் என்று ஜெசி சொன்னாள். யூவெனைவிட நெருக்கமாம். அவளுடைய அம்மாவின் பெயர் ஊனா. பாரா எங்கே இருக்கிறது? எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஏறினால் தெரியும். வெயில் அடித்தால் அங்கே கொடியில் துணி காய்வதுகூடத் தெரியும்.

ஆல்பி ஊனாவுக்குப் போன் செய்தான். நான் பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கத்துக் கிழவி எடுத்ததும் கேட்டாள், வேறென்ன கேட்பாள்: "நீ யாரு புள்ளப்பா?"

இவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அவன் தோளைத் தட்டினேன். "தெரியலம்மா. அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன். கிளாஸ்கோவுலேருந்து வந்தவன் நான், உங்க பொண்ணு செஞ்ச சோதனையில சொந்தம்னு காட்டுது," என்றான்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு அவள் நிதானமாகச் சொன்னாள். "அப்ப நான் சொல்றேன், கேட்டுக்கோ. நீ அன்னாவோட புள்ள. அன்னா ரோரியோட பொண்ணு. ரோரி நீலோட புள்ள. நீல் லாக்லனோட புள்ள. அன்னாதான் எங்கம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி கிளாஸ்கோவுல வீட்டு வேலைக்குப் போனா. அங்க ஒரு பையனைக் கன்னியாஸ்திரிங்க கிட்ட விட்டுட்டு வந்தேன்னு சாகும்போது சொன்னா. நாங்க உன்னைக் கிளாஸ்கோவுல தேடினோம், கனடாவுல தேடினோம். எதிர்க்கரையில யாரும் தேடலையே!"

அப்பா பெயர் அவளுக்கும் தெரியாது. ஆனால் ஆல்பி லாக்லன் என்ற பெயரிலேயே நின்றுவிட்டான். போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து நடந்தான். "யூவெனோட அம்மா கத்ரியோனா. அவ அம்மா மாரியன். மாரியன் யாரு பொண்ணு? பாரா லாக்லனோட பொண்ணு!" ஐம்பது வருஷமாக யூவெனுடைய வரிசை என்று சொல்லிக்கொண்டிருந்தானே, அதற்குள்ளேயே அவனுடைய முப்பாட்டன் இருந்திருக்கிறார். சித்தப்பாவும் இல்லை, ஒன்றும் இல்லை. சொந்தம் யூவெனின் தாய்வழி.

ஜெசியும் தலையில் அடித்துக்கொண்டாள். "இங்க எல்லாரும் எல்லாருக்கும் ரெண்டு மூணு வழியில சொந்தம். மெஷின் அதையெல்லாம் ஒண்ணாக் கூட்டிடுது. தூரத்துச் சொந்தத்தைப் பக்கத்துல கொண்டாந்து நிறுத்திடுது. இதை நான் முதல்லயே யோசிச்சிருக்கணும்," என்றாள்.

ஆல்பி தொப்பியைக்கூடப் போடாமல் வேலியைத் தாண்டிப் போனான். நான் ஜன்னலில் பார்த்தேன். யூவென் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு கையை எடுத்தான். பிறகு இரண்டு கிழடுகளும் ஆட்டுத் தீவனத் தொட்டிமேல் உட்கார்ந்து ஒருவன் முதுகை ஒருவன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஊனாவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன். மகள் ஊரில் இல்லை. கோடை முழுக்க வந்து இருக்கிறாயா என்று கேட்டாள். அவன் என் முகத்தைப் பார்த்தான். "என்னை எதுக்குப் பாக்குற? போ," என்றேன். அவன் உடனே போய்விடவில்லை. குட்டி போடும் காலம் முடியட்டும் என்றான். கிழங்கு நட்டான். அடுப்புக்கான எரிமண் கட்டிகளை என் கைக்கு எட்டும் உயரத்தில் அடுக்கினான். ஆடுகளை யூவென் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. இவனைத்தான் நன்றி கெட்டவன் என்கிறாள் கிர்ஸ்டி.

போகிற அன்று காலை யூவெனுடைய வேன் வாசலில் ஹாரன் அடித்தது. ஆல்பி கோவிலுக்குப் போடுகிற கோட்டைப் போட்டிருந்தான். நான் செய்த ஓட்ஸ் ரொட்டியும் தயிர்ப் பாலாடையும் ஊனாவுக்கு என்று துணியில் கட்டிக் கொடுத்தேன்.

"அந்தக் கரையில இறங்கினதும் யாரு புள்ளன்னு கேப்பாங்களேடா. என்ன சொல்லுவ?"

"அன்னாவோட புள்ள, ரோரியோட பேரன், நீலோட கொள்ளுப்பேரன். பெக்கி வளர்த்தவன், மோராக்கோட தம்பி. எல்லாத்தையும் சொல்லுவேன். கேக்கறவனுக்குக் கால் வலிச்சா உக்காந்து கேக்கட்டும்."

"அப்ப கப்பல் போயிடும். கிளம்பு."

"கிழங்கு தோண்ட வந்துடுவேன் மோராக்."

"வராம? நானா குனிஞ்சு தோண்டப் போறேன்?"

அவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். சாத்தவில்லை. என்றைக்குச் சாத்தினான்? கோழிகள் உள்ளே வந்தன.