கத்தரிக்கோல் மேல் ஒரு நூல்

வெளியே கிளம்பும்போதெல்லாம் தையல்காரர் தன் கத்தரிக்கோலை மூடிவைத்து, அதன் மேல் குறுக்காக ஒரு துண்டு நூலைப் போட்டுவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் அந்த நூலைத்தான் பார்ப்பார். அசைந்திருந்தால் துணி வெட்டும் கத்தரியால் யாரோ காகிதம் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டில் இருந்த அந்த ‘யாரோ’ அவர் மனைவி ஒருத்திதான். இருபத்திரண்டு வருஷமாக அந்த நூலைப் பார்த்துப் பார்த்து, அதற்குக் கோபப்படுவதையே அவள் விட்டிருந்தாள்.

குடியிருப்பில் அவருக்கு ‘இஞ்ச் டேப்’ என்று பெயர். யார் பேச வந்தாலும் தலையிலிருந்து கால்வரை ஒரு அளவு எடுத்த பிறகே வாயைத் திறப்பார். தன் நிழல் பின்னால் வந்தாலும் ‘உன்னை யார் அனுப்பினது?’ என்று கேட்கிற ஆள் என்று பக்கத்து வீடுகளில் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். கல்யாணத்துக்கு முன்பு அவருடைய கூட்டாளி, வாடிக்கையாளர் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு ஓடிவிட்டான். தெருவே இவரைத்தான் திருடன் என்றது. உண்மை தெரிந்த பிறகும் ஒருவர்கூட வந்து சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கவில்லை. அதிலிருந்துதான் இந்த நூல்.

அவர் சந்தேகப்படாத ஒரே உயிர் குளியலறை ஜன்னலில் இருந்த ஆர்க்கிட் செடி. பூ உதிர்ந்ததும் யாரோ குப்பையில் போட்டதை எடுத்து வந்து பிழைக்கவைத்திருந்தார். வெள்ளைப் பூ, நடுவில் செம்புள்ளிகள். பூத்து முடிந்த தண்டின் கணுவில் சில சமயம் ஒரு குட்டிச்செடி முளைக்கும். அதன் வேர் விரல் நீளம் வரும்வரை தாயைவிட்டுப் பிரிக்கக் கூடாது. அவர் வாரம் ஒருமுறை டேப் வைத்து அளப்பார். அளவு வந்ததும் வெட்டி, வெட்டுவாய் அழுகாமலிருக்கச் சமையல் பட்டைத்தூள் தடவுவார். அடியில் ஓட்டை போட்ட கண்ணாடி டம்ளர்போன்ற பிளாஸ்டிக் கிண்ணத்தில் மரப்பட்டைத் துண்டும் கரியும் நிரப்பிக் குட்டியை நிறுத்தி, நூலால் ஒரு குச்சியோடு கட்டுவார். மண் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. பிள்ளையில்லாத வீட்டில் அந்தக் கை அப்படி மெதுவாக நகர்வதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும்.

ஒரு சமயம் அவர் ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தார். கீழ்வீட்டு நர்ஸ், வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் மாடியேறி வந்து ஊசி போட்டாள். காசு வாங்கவில்லை, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பட்டைத்தூள் எதற்கு என்று கேட்டாள். பூ அழகாக இருக்கிறது என்றாள். அவ்வளவுதான். எழுந்து உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் பேச்சு, சும்மா ஊசி போடுகிறவள் மனசில் என்ன கணக்கோ என்பது. ஒரு குட்டி கொடுக்கலாமே என்று மனைவி கேட்டாள். வேர் வளரட்டும் என்றார். வேர் வளர்ந்தது. அடுத்த குட்டியைப் பார்க்கலாம் என்றார்.

அவர் நூல்கண்டு வாங்கப் போன ஒரு காலையில் அவளே குட்டியை வெட்டினாள். கத்தரியைத் தொடவில்லை, தொட்டால் நூல் காட்டிக்கொடுக்கும். பழைய பிளேடால் வெட்டி, பட்டைத்தூள் தடவி, கீழே கொண்டுபோய்க் கொடுத்தாள். சாயங்காலம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

திரும்பி வந்தவர் தண்டில் குட்டி இல்லாததைப் பார்த்துவிட்டார்; சாயங்காலம்வரை பொறுக்கவில்லை. கத்தரி மேல் நூல் அசையாமல் இருந்தது. ஆகவே வெட்டியது வீட்டு ஆள் இல்லை. வெட்டுவாயில் தூள் இருந்தது. அந்தத் தூளைப் பற்றிக் கேட்டவள் ஒருத்திதான். அளவெடுத்துத் தைத்ததுபோல எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. மாடிப்படியில் நின்று, நாலு வீட்டுக் கதவும் திறக்கும்படி, “ஊசி போட வந்த கை, ஜன்னலையும் தடவிட்டுப் போயிருக்கு. திருட்டுக் கை” என்றார்.

கீழே வாசலுக்கு வந்த நர்ஸ் நிமிர்ந்து, அவருக்குப் பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தாள். மனைவி தரையைப் பார்த்தாள். நர்ஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அன்று சொல்லாதது மறுநாள் இன்னும் கனத்தது. மடியில் கனத்தோடு அவள் இரண்டு வருஷம் அதே படியில் ஏறி இறங்கினாள். நர்ஸ் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள். அவரோ கீழ்வீட்டு ஜன்னலைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். குட்டி பூத்தால் தாயின் முகத்தோடுதான் பூக்கும், புள்ளி பிசகாது; அதைவிடச் சாட்சி வேண்டுமா என்பார். ஒவ்வொரு தடவை அவர் அதைச் சொல்லும்போதும் அவள் அடுப்பைத் துடைத்தாள்.

கீழ்வீட்டு ஜன்னலில் குட்டி பூத்தது. வெள்ளை, நடுவில் செம்புள்ளி. அவர் நாலு வீட்டையும் கூப்பிடச் சட்டை மாட்டிக்கொண்டார்.

“வெட்டினது நான்தாங்க.”

அவர் பொத்தானைவிட்டுக் கையை எடுக்கவில்லை. “நூல் அசையலையே.”

“பிளேடு” என்றாள் அவள்.

அவர் தையல் மிஷின் முன் உட்கார்ந்தார். வெகுநேரம் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். அவளைத் திட்டவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அன்றைக்கே அவள் படியில் நின்று, நாலு வீடும் கேட்க, தான் வெட்டியதையும் வாய்மூடி இருந்ததையும் சொன்னாள். அவர் வெளியே வரவில்லை. மறுவாரம், இருந்ததிலேயே திடமான குட்டியைப் புதுப் பட்டையில் நட்டு, பச்சை நூலால் கட்டி, நர்ஸ் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

நர்ஸ் அதைத் திருப்பி எடுத்துவந்தாள்.

“செடி எங்கிட்ட இருக்குதுண்ணே. படியில நின்னு சொன்னீங்கல்ல, அதே படியில நின்னு மாத்திச் சொல்லிடுங்க. போதும்.”

“சொல்றேன்மா” என்றார். அவளை அளவெடுக்காமல் அவர் பேசியது அன்றுதான்.

சொல்லவில்லை. தினம் படிவரை போவார், எதிர்வீட்டுக் கதவைப் பார்ப்பார், செருப்பை மாற்றிப் போட்டதுபோலக் குனிந்து நிமிர்ந்து திரும்பிவிடுவார். மறந்துவிட்டார் என்று குடியிருப்பில் நினைத்தார்கள். மறந்தவர் தினம் படிவரை போக மாட்டார் என்பது மனைவிக்குத் தெரியும். அடுத்த மழைக்காலத்தில், அரைகுறையாய் வெட்டிய ஒரு சட்டைத் துணியின் மேல் தலை சாய்த்தவர் எழவில்லை. நெஞ்சைத் தொட்டுப் பார்க்க முதலில் ஓடிவந்தது நர்ஸ்தான்.

பச்சை நூல் கட்டிய செடி குளியலறை ஜன்னலில் பூத்திருக்கிறது. தன் பங்கை மனைவி சொல்லிவிட்டாள். அவர் பங்கை அவர் வாயால்தான் சொல்லியிருக்க வேண்டும்.