கோட்டில் பட்ட பந்து

என்னோடு சேர்ந்து இரட்டையர் ஆட்டம் ஆடியவளை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. அவளுக்கும் என்னைப் பிடிக்கவில்லை. அந்த ஒன்றில் மட்டும் நாங்கள் ஒத்துப்போனோம்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் இருக்கும் ஒரு டென்னிஸ் கிளப்பில் என் அப்பா மார்க்கர். மண் தரைக்குத் தண்ணீர் தெளிப்பது, உருளை இழுப்பது, சுண்ணாம்பில் கோடு போடுவது, ஆள் குறைந்தால் மெம்பர்களுக்கு எதிரே நின்று பந்தடிப்பது எல்லாம் மார்க்கர் வேலை. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மாவும் போனதில்லை. எங்கள் வீட்டில் ப்ளஸ் டூ முடித்த முதல் ஆள் நான். மெம்பர்கள் யாரும் வராத உச்சி வெயிலில், அவர்கள் கழித்துப் போட்ட மட்டையை வைத்து ஆடப் பழகியவள்.

ப்ளஸ் டூ முடித்த அந்த மே மாதக் கடைசியில் மாநில ஜூனியர் போட்டி எங்கள் கிளப்பில் நடந்தது. தென்காசி டாக்டர் ஒருவரின் மகளுக்கு ஜோடியாக ஆட வேண்டிய பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. டாக்டரின் மனைவி குத்துக்கல்வலசைக்கு, எங்கள் வீடு தேடி வந்தார். காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"ஏட்டி, பாப்பாகூட டபுள்ஸ் ஆடுதியா? நீ ஒண்ணும் பெருசா செய்யாண்டாம். பந்த உள்ள போட்டா போதும். மிச்சத்த அவ பாத்துக்கிடுவா."

நான் சம்மதித்தேன். அரையிறுதிக்குப் போனால் சான்றிதழ் கிடைக்கும். அது இருந்தால் சென்னையில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம், விடுதி, சாப்பாடு எல்லாம் உண்டு என்று எங்கள் பி.டி. டீச்சர் விசாரித்துச் சொல்லியிருந்தார். எனக்கு அந்த இடம் வேண்டும். அதற்காக யாரோடும் ஆடுவேன்.

முதல் இரண்டு சுற்றுகளில் ஜெயித்தோம். ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் எல்லா ஜோடிகளும் கையோடு கை தட்டிக்கொள்வார்கள். அவள் மட்டையை நீட்டுவாள். நானும் மட்டையால் தட்டுவேன், கொஞ்சம் பலமாகவே. என் பக்கம் வரும் பந்துக்கும் "மைன், மைன்" என்று ஓடி வருவாள். அடித்து வலையில் போட்டுவிட்டு, "இங்கன என்ன பராக்குப் பாத்துட்டு நிக்கே?" என்று என்னைக் கேட்பாள். இடைவேளையில் அவளுடைய அம்மா ஒரே ஒரு இளநீர் கொண்டு வருவார்.

காலிறுதியில் எங்களுக்கு எதிரே கோயம்புத்தூர்ப் பெண்கள் இரண்டு பேர். நடுவில் சாரல் அடித்து ஆட்டம் நின்றது. அப்பா தரையைக் காயவைத்து, கயிறு பிடித்து, கோடுகளை மறுபடி போட்டார். அரை மணி நேரம் முதுகு நிமிரவில்லை. பிறகு ஆட்டம் தொடர்ந்து, ஆளுக்கொரு செட் ஆகி, பத்துப் புள்ளி டைபிரேக்குக்கு வந்தது. முதலில் பத்தைத் தொடுபவர்களுக்கு வெற்றி; ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். ஒன்பதுக்கு எட்டு. எங்களுக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி போதும், அரையிறுதிக்கு.

எதிர்ப்பக்கத்துப் பெண் உயரத் தூக்கி அடித்த பந்து, என் ஜோடிக்குப் பின்னால், கடைசிக் கோட்டில் விழுந்தது. கோட்டில் பட்டாலே பந்து உள்ளேதான். நான் பார்த்தேன். ஈரச் சுண்ணாம்பு தெறித்ததையும் பார்த்தேன்.

"அவுட்!" என்று கத்திக்கொண்டே அவள் பந்து விழுந்த தடத்தைக் காலால் தேய்த்தாள். கைகுலுக்க வலையை நோக்கி நடந்தாள்.

கோயம்புத்தூர்ப் பெண் பந்தை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். "சுண்ணாம்பு ஒட்டியிருக்கு பாருங்க சார். கோட்டுல பட்டிருக்கு."

அந்தச் சுற்றுகளில் நாற்காலி நடுவர் கிடையாது. அவரவர் பக்கத்தில் விழும் பந்தை அவரவரே சொல்ல வேண்டும். தகராறு வந்தால் சுற்றி வரும் ரெஃப்ரி வருவார். வந்தார். என் ஜோடி அசரவில்லை.

"சார், அந்த எடத்துல கோடே வெளிய தள்ளி வளைஞ்சு கெடக்கு. நேரா போட்டிருந்தா பந்து அவுட்டு."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவளுடைய அம்மா குரல் கொடுத்தார். "மார்க்கர் ஒழுங்கா கோடு போட்டாத்தானே! தூங்கிட்டே போட்டிருப்பான்."

ஓரமாக உருளையைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றார். ரெஃப்ரி அவரிடம் கேட்டார். அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார்.

"ஆமா சார். அங்கன லேசா வளைஞ்சுதான் போச்சு. என் தப்புதான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ரெஃப்ரி என் பக்கம் திரும்பினார். "கோடு எப்படி இருக்கோ அதுதான் கணக்கு. தடம் அழிஞ்சிட்டு, நான் ஒண்ணும் சொல்ல முடியாது. நீங்க ரெண்டு பேரும் அவுட்னா அவுட். ஒரு ஆள் 'இன்'னு சொன்னாலும் பாயிண்ட் அவங்களுக்கு. நீ என்னம்மா சொல்லுத?"

"அவுட்னு சொல்லுட்டி," என்றாள் என் ஜோடி, உதடு அசையாமல்.

"இன்," என்றேன். "கோடு நேராத்தான் இருக்கு. வேணும்னா கயிறு புடிச்சுப் பாருங்க."

ஒன்பதுக்கு ஒன்பது. அடுத்த இரண்டு புள்ளிகளும் போயின, ஆட்டமும் போயிற்று. இரண்டையும் அவள்தான் தவறவிட்டாள்; அதை இங்கே எழுதாமல் விட எனக்கு மனமில்லை.

"கோர்ட் கூட்டுதவன் பிள்ளையச் சேத்துக்கிட்டா இப்டித்தான்மா," என்று அவள் தன் அம்மாவிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஒன் ஷூவத் தூக்கிப் பாரு," என்றேன். "அழிச்ச சுண்ணாம்பு இன்னும் அடியிலதான் இருக்கும்."

அவள் அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கியதாகப் பிறகு சிலர் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன்.

எல்லோரும் போன பிறகு அப்பா வலையைத் தளர்த்திக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நினைத்தேன்.

"ஒன்ன யாருட்டி கேட்டா?" என்று சீறினார். "நாந்தான் வளைஞ்சிட்டுன்னு சொல்லிட்டம்லா! வாய மூடிட்டு இருந்தா என்ன? கோட்ட அழிச்சிட்டு நாளைக்கு வேற போட்டுக்கிடலாம். காலேஜ் சீட்ட எவன் போட்டுத் தருவான்?"

"நீங்க எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"எம் பிள்ளைக்குச் சொல்லாம எவம் பிள்ளைக்குச் சொல்ல?"

எட்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. சென்னைக் கல்லூரியில் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பத்தையே வாங்கவில்லை. இப்போது திருநெல்வேலிக்குத் தினமும் பஸ்ஸில் போய்ப் படிக்கிறேன். பாதி நாள் நின்றுகொண்டேதான் பயணம். கிளப்பில் என்னை மட்டையோடு உள்ளே விடக் கூடாது என்று மெம்பர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். அப்பா அங்கேதான் கோடு போடுகிறார்.

பி.டி. டீச்சர் மட்டும் என்னைக் கொண்டாடினார். நேர்மைக்காகத் தோற்றவள் என்று வகுப்பு வகுப்பாகச் சொன்னார். ஒரு நாள் பழைய பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லி, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் என்னை நிறுத்தி, நீயே சொல்லு என்றார்.

"நேர்மையெல்லாம் இல்ல டீச்சர்," என்றேன். "அந்தச் சீட்டுக்காக நானும் அவுட்னுதான் சொல்ல இருந்தேன். எங்கப்பா எல்லார் முன்னாலயும் 'என் தப்பு'ன்னு சொல்லிட்டு நின்னாரு. அதுதான் எனக்குப் பொறுக்கல."

டீச்சர் அதன் பிறகு அந்தக் கதையை எங்கும் சொல்வதில்லை.